பதினெட்டு டிகிரியில் பதினோரு நாட்கள்

கண்ணு,

என் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு நடந்த அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஐந்து வருடமாக ஈஸ்ட்டை முப்பது டிகிரியிலும் முப்பத்தேழிலும்தான் பார்த்திருக்கிறீர்கள். திடீரென்று பதினெட்டுக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டார். "ரைபோசோம் கட்டுவதில் குறை இருந்தால் குளிரில் அது வெளிப்படும் என்று முன்பே சிலர் எழுதியிருக்கிறார்கள் சார்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. ஆனாலும் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. "என் மகளுக்கு அம்மை போட்டிருந்தது சார், ஈஸ்ட் தட்டுகளை ஏசி அறையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன்" என்பதுதான் பதில். நீ மூன்றாவது வரிசையில் பச்சைப் பாவாடையில் உட்கார்ந்திருந்தாய். எப்போது கைதட்டச் சொல்வார்கள் என்று இரண்டு கைகளையும் தயாராக வைத்திருந்தாய். தேர்வாளர் தலையசைத்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

இதை எழுதக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் நடந்த உன் வழியனுப்பு விருந்து. கட்டடக்கலை படிக்க இத்தனை தூரம் ரயிலேறிப் போகிறவளைச் சுற்றிச் சித்தப்பா பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு கேலி செய்தார்கள். "அங்க காய்ச்சல் வந்தா உங்கம்மாவா ஓடி வருவாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நீ விடவில்லை. "எங்கம்மாவப் பத்தி உனக்கென்ன தெரியும்? எனக்கு அம்மை போட்டப்ப ஸ்கூல்ல இருந்து ஃபோன் வந்த நிமிசமே லேப அப்படியே போட்டுட்டு ஓடி வந்தவங்கடி" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் காபி ஆற்றுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். எட்டு வருடமாக இந்தக் கதை நம் வீட்டில் சொல்லப்படுகிறது. நானே இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை நீ கிளம்புவதற்குள் நடந்ததை நடந்தபடி உன்னிடம் கொடுத்துவிட வேண்டும்.

நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் "அம்மா ஈஸ்ட் வளர்ப்பாங்க" என்பதற்கு மேல் நான் உனக்குச் சொன்னதே இல்லை. உன் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதம் செய்கிற நுண்ணிய பட்டறைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ரைபோசோம் என்று பெயர். செல்லின் உட்கருவுக்குள், மைக்ராஸ்கோப்பில் கரும்புள்ளியாகத் தெரியும் நியூக்ளியோலஸ் என்ற இடத்தில்தான் அவற்றைக் கட்டும் வேலை தொடங்குகிறது. ஆர்.என்.ஏ. என்கிற நீண்ட இழையை அளவாக வெட்டி, சரியாக மடித்து, மற்ற துண்டுகளோடு சேர்க்க நூற்றுக்கும் மேலான புரதங்கள் அங்கே கூடுகின்றன. வேலை முடிந்ததும் விலகிவிடுகின்றன. முடிந்த ரைபோசோமில் அவை இருப்பதில்லை. நம் பக்கத்தில் தறிக்குப் பாவு பிணைக்க வருகிறவர்களை நீ பார்த்திருப்பாய். பழைய பாவின் நீள இழைகளோடு புதுப் பாவை ஒவ்வோர் இழையாக முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். துணியில் அவர்கள் தெரியமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு புரதம் எனக்குக் கிடைத்தது. அது நியூக்ளியோலஸில் இருக்கிறது என்பதை ஒளிர வைத்துக் காட்டிவிட்டேன். அங்கே அது என்ன செய்கிறது என்பதுதான் தெரியவில்லை. ஈஸ்ட்டிலிருந்து அந்த ஜீனை நீக்கிப் பார்த்தேன். ஈஸ்ட் எதுவுமே நடக்காததுபோல வளர்ந்தது. சூட்டில் வைத்தேன், வளர்ந்தது. உப்பு சேர்த்தேன், வளர்ந்தது. ஐந்து வருடம் அது என்னைப் பார்த்து வளர்ந்துகொண்டே இருந்தது.

எனக்குப் பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் நீ. நீ கைக்குழந்தையாக இருக்கும்போது எம்.எஸ்ஸி. முடித்தேன். உனக்கு ஐந்து வயதானபோது உன் அப்பா பல்லடத்தில் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ள, நானும் நீயும் மருதமலை ரோட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்து, நான் ஆய்வுக்குப் போனேன். சேர்ந்த முதல் வருடம் உன் பள்ளி ஆண்டு விழாவுக்கு அரைநாள் லீவு கேட்டேன். "குடும்பத்துப் பொண்ணுங்களுக்கு ரிசர்ச் ஒரு டைம் பாஸ்" என்று பக்கத்து மேசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு உன் பேரில் நான் லீவே எடுக்கவில்லை. உனக்குப் பல் வலித்தால் எனக்குப் பல் வலி. உனக்கு வாந்தி என்றால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஐந்து வருடத்தில் எனக்கு வராத நோய் இல்லை. இது சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன். நீ இதைக் கற்றுக்கொள்ளாதே. ஒரு பொய்யை நடத்திச் செல்ல எவ்வளவு ஞாபகசக்தி வேண்டியிருக்கிறது தெரியுமா?

அந்த மாசி மாதம் எல்லாம் ஒரு முனைக்கு வந்திருந்தது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு சித்திரையோடு முடிகிறது. என் வழிகாட்டி மேடம் கடுமையான மனிதர் கிடையாது. அதனாலேயே அவர் சொன்னது வலித்தது. "இருக்குதுன்னு மட்டும் சொல்லி தீசிஸ் எழுத முடியாதும்மா. என்ன செய்யுதுன்னு ஒரு வரி வேணும். ஒரே ஒரு வரி." உன் அப்பாவிடம், "சித்திரைக்குள்ள ஒண்ணும் வரலீன்னா நான் மூட்டை கட்டிப்போட்டு பல்லடத்துக்கே வந்தறனுங்க" என்று நானே சொல்லியிருந்தேன். அவர், "வா, முட்டை அடுக்க ஆள் பத்தல" என்று சிரித்தார்.

அன்று காலை, கடைசியாக ஒரு முறை என்று, எல்லா வகை ஈஸ்ட்டையும், ஊட்டக்கூழ் ஊற்றி உறைய வைத்த வட்டத் தட்டுகளில் சொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே கலவையைப் பத்தில் ஒன்றாக, நூறில் ஒன்றாக நீர்க்க வைத்து, பிப்பெட்டால் வரிசை வரிசையாகச் சொட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடியில் படிந்துவிடும், கணக்குத் தவறும். பத்தே காலுக்கு ஃபோன் அடித்தது. திரையில் உன் பள்ளியின் பெயர். கண்ணு, அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. மேசை அதிர்ந்தது. சத்தத்தை நிறுத்தினேன். மூன்றாவது முறை வெளிச்சம் மட்டும் ஓரத்தில் தெரிந்தது. நாற்பத்தெட்டுச் சொட்டுகள் மீதி இருந்தன. நாற்பத்தெட்டையும் வைத்தேன். தட்டுகளை உறையில் போட்டுக் கட்டி, முப்பது டிகிரியில் சூடு மாறாமல் வைக்கும் இன்குபேட்டருக்குக் கொண்டுபோகும் வழியில், தனியாகப் பேச வசதியான மைக்ராஸ்கோப் அறைக்குள் நுழைந்து, மேசையில் தட்டுகளை வைத்துவிட்டு உன் பள்ளியைக் கூப்பிட்டேன். அப்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. காய்ச்சல், உடம்பெல்லாம் கொப்புளம் என்றார்கள். அதன் பிறகுதான் ஓடினேன்.

நீ அலுவலக பெஞ்சில், தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும், "அதுக்குள்ள வந்துட்டியாம்மா?" என்றாய். நீ பையை எடுக்கத் திரும்பியபோது அங்கிருந்த அலுவலகப் பெண்மணி தணிந்த குரலில், "மூணு தடவ கூப்பிட்டமுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன் கதை உன் கேள்வியிலிருந்து பிறந்தது. நான் அதை வளரவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், கீழ் வீட்டுக்கார அக்கா உன்னை ஒரு பார்வை பார்த்தார். அரை மணியில் நம் கதவில் வேப்பிலை தொங்கியது. "அம்மணி, ஊட்டுக்கு ஆத்தா வந்திருக்கறா. மூணு தண்ணி ஊத்தற மட்டும் நீ எங்கியும் போகப்படாது. உன்ற காலேஜு எங்கியும் ஓடிப் போயிராது" என்றார். வைரஸைப் பற்றி நான் அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருக்க முடியும். எடுக்கவில்லை. ஓடி வராத அந்த முக்கால் மணி நேரத்தை எதைக் கொண்டாவது அடைக்க வேண்டும்போல இருந்தது. மேடத்துக்கு ஃபோன் செய்து எனக்கு டைபாய்டு என்றேன். வாசற்படி தாண்டவில்லை. நீர்மோரும் இளநீரும் கொடுத்து, வேப்பிலையால் உன் முதுகை வருடிக்கொண்டு, உனக்கு நாவல்கள் படித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாக நான் எப்போதும் படித்ததில்லை. பத்தாம் நாள் மூன்றாவது தண்ணீர் ஊற்றினோம். தட்டுகளின் ஞாபகம் எனக்கு வரவே இல்லை. இன்குபேட்டரில் வைத்துவிட்டதாகவே என் கை நம்பிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, உன்னைக் கீழ் வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனேன். தட்டுகள் மைக்ராஸ்கோப் அறை மேசையில், வைத்த இடத்திலேயே இருந்தன. மற்றவர் பெயர் எழுதிய தட்டை யாரும் தொடமாட்டார்கள். அது எங்கள் ஒழுக்கம். அந்த அறையில் கருவிக்காக ஏசி இரவும் பகலும் பதினெட்டில் ஓடும். உறையைப் பிரித்தேன். சாதாரண ஈஸ்ட் தடித்த வெண்புள்ளிகளாக வளர்ந்திருந்தது. ஜீன் நீக்கிய வரிசையில், முதல் சொட்டில் மட்டும் ஒரு மங்கல். அதற்கடுத்த இடமெல்லாம் வெறும் தட்டு. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஐந்து வருடம் காத்திருந்த பதில் கண்ணெதிரே இருக்கிறது, நான் நினைத்தது: ஃபோன் அடித்த அவசரத்தில் அந்த வரிசைக்குச் சொட்டே சரியாக வைக்கவில்லை. கோபம் வந்தது. பள்ளி மேல், ஃபோன் மேல். மறைக்க மாட்டேன், ஒரு கணம் உன் மேலும். தட்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்தக் கூடையை வெள்ளிக்கிழமை காலை அட்டெண்டர் ஆட்டோகிளேவில் ஏற்றி அவித்துக் கொட்டிவிடுவார். நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் உன் அப்பா கூப்பிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு, கடைசித் தட்டும் பாழ் என்றேன்.

"எங்க வச்சிருந்தே அதை?"

"ஏசி ரூம்லீங்க. மறந்துபோட்டேன்."

"அதுதான் ஒடுங்கிப் போயிருக்கும். இதுக்கா அழுவே? புரூடர்ல பல்பு எரியற வரைக்கும் எல்லாக் குஞ்சும் ஒண்ணாட்டத்தான் இருக்கும் அம்மணி. கரண்டு போற அன்னிக்குத்தான் நோஞ்சான் எதுன்னு தெரியும்."

ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஏம்மணி, லைன்ல இருக்கறயா?"

இருந்தேன். பண்ணையில் குஞ்சுகளைச் சூட்டில் வைக்கும் புரூடர்போலத்தான் எங்கள் முப்பது டிகிரியும். ஐந்து வருடமாகப் பல்பை அணைக்காமல் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். குளிரில் சோதிப்பதைப் பற்றி நான் படிக்காமல் இல்லை, அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் இருந்தவை இரண்டு இன்குபேட்டர்கள், இரண்டும் சூடாக்குகிறவை. சோதனை என்றால் சூடு ஏற்றுவது என்றே ஆகிவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே கூடைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். அட்டெண்டர் டீ கிளாஸோடு வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், மோதிரம் கீதிரம் உழுந்துபோச்சுங்களா?"

"தட்டுங்கண்ணா. நேத்துப் போட்டேன்."

"போட்டதயே தேடறீங்களா? அப்பறம் என்னத்துக்குங்க போட்டீங்க?" கிளாஸை வைத்துவிட்டு அவரும் குனிந்து தேடினார். "டீக்குப் போகாம இருந்திருந்தா இந்நேரம் வெந்திருக்குமுங்க, இட்டிலியாட்ட."

கிடைத்த தட்டுகளை முப்பது டிகிரியில் வைத்தேன். நான் சொட்டு வைக்கத் தவறியிருந்தால் வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும். செல்கள் அங்கே இருந்து, குளிரில் வளர முடியாமல் நின்றிருந்தால், இப்போது வளர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வந்திருந்தார். மூவரும் ஒரே வண்டியில் ஆய்வகத்துக்குப் போனோம், உனக்கு நினைவிருக்கும். இன்குபேட்டர் கதவைத் திறந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். வெறுமையாக இருந்த இடமெல்லாம் வரிசை தவறாமல், சொட்டுச் சொட்டாக, அத்தனையும் வந்திருந்தது. என் கை தவறவில்லை. ஃபோன் மேலும் தப்பில்லை. நீ எட்டிப் பார்த்து, "அம்மா, எனக்கு வந்த கொப்புளமாட்டவே இருக்குது!" என்றாய். உன் அப்பா தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு புள்ளிக்கா அஞ்சு வருசம்?" என்றார். பிறகு, "நோஞ்சான் தேறிருச்சு பாரு" என்று சொல்லி உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஆளில்லாத அந்த வராந்தாவில் நான் கத்திய கத்தலுக்குக் காவல்காரர் ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். "வளந்துருச்சுங்கண்ணா!" என்றேன். உன்னைப் பார்த்து, "ஆமாங்க, பாப்பா நல்லா வளந்துட்டா" என்றார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதம் நான் ஓடியதுதான் ஓட்டம். ஒரே சொட்டுகளை முப்பதிலும் பதினெட்டிலும் வைத்தேன், மூன்று முறை. மூன்று முறையும் குளிரில் நின்றது. நீக்கிய ஜீனைத் திரும்பக் கொடுத்தேன், குளிரிலும் வளர்ந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோது, குளிரில் அந்தச் செல்களுக்குள் வெட்டி முடிக்கப்படாத ஆர்.என்.ஏ. குவிந்து கிடந்தது, ரைபோசோம்கள் குறைந்திருந்தன. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல, தப்பாக மடிந்த ஆர்.என்.ஏ. குளிரில் இறுகிவிடுகிறது. சூட்டில் தானாகவே தளர்ந்து சரியாகிக்கொள்கிறது. அங்கே யாரும் உதவ வேண்டியதில்லை. குளிரில் அதை அவிழ்த்துவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் என் புரதம். மேடம் தட்டின் படத்தைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டைபாய்டு போயிருச்சாம்மா?" என்றார். "போயிருச்சு மேடம்." "அப்ப உக்காந்து எழுது. அந்த ஒரு வரி வந்திருச்சு." சித்திரை முடிய ஆறு நாள் இருந்தபோது, முடிவைப் பார்த்துவிட்டு, எழுதி முடிக்க மட்டும் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஆறு மாதம் கொடுத்தார்கள். நான் பல்லடத்துக்கு மூட்டை கட்டவில்லை. உன் அப்பா முட்டை அடுக்க வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

ஆனால் அந்த ஓட்டத்தில் ஒன்று செய்தேன். நோட்டில், சொட்டு வைத்த காலையில் தேதியிட்டு அளவுகள் எழுதியிருந்த பக்கத்துக்குத் திரும்பிப் போய், மேலே காலியாக இருந்த வரியில், "குளிர் சோதனை, பதினெட்டு டிகிரி" என்று தலைப்பு எழுதினேன். அளவுகள் எல்லாம் உண்மை. முடிவுகள் எல்லாம் பிறகு திட்டமிட்டுச் செய்து பார்த்தவை. தலைப்பு மட்டும், திட்டமே இல்லாத ஒரு காலையைத் திட்டமிட்டதாக மாற்றியது. அந்தத் தலைப்பை நம்பித்தான் தேர்வாளருக்குப் பதில் சொன்னேன். முடிந்து வெளியே வந்து, உன் அப்பா பண்ணை முட்டைகளைப் பேக்கரியில் கொடுத்துச் செய்து வாங்கிவந்த முட்டை பப்ஸை எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது, நீ என் கையைப் பிடித்து, "அம்மா, நீ யோசிச்சுத்தான் குளிர்ல வச்சியா?" என்று கேட்டாய். "ஆமா கண்ணு" என்றேன். அன்று நான் சொல்லாமல் விட்டது தேர்வாளரிடம் மட்டும் இல்லை.

உன் நம்பிக்கையைக் குலைக்க இதை எழுதவில்லை. அன்று நான் ஜெயித்தேன். அந்த வெற்றியில் ஒரு துளியையும் திரும்பக் கொடுக்க மாட்டேன். நாற்பத்தெட்டுச் சொட்டுகளை வைத்து முடித்ததும் நான்தான், பத்து நாள் வாசற்படி தாண்டாமல் உன் பக்கத்தில் இருந்ததும் நான்தான். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்தத் தட்டு கிடையாது. இதை அப்போதே உரக்கச் சொல்லியிருந்தால், பக்கத்து மேசைக்காரருக்கும் அது ஒரு பதிலாக இருந்திருக்கும். நீயும் ஒருநாள் ஒரு ஃபோனைக் கவிழ்த்து வைப்பாய். என்னுடையதாகக்கூட இருக்கலாம். வை. வேலையை முடி. பிறகு கூப்பிட்டு, "வேலையா இருந்தேம்மா, அதான் எடுக்கல" என்று சொல். எனக்குப் புரியும். உன் வரைபடத்தில் கை தவறி விழுந்த கோடு அழகாக அமைந்துவிட்டால், கை தவறியது என்றே ஓரத்தில் எழுதி வை. அழகு அதனால் குறையாது.

இதுவரை எழுதிவிட்டு நேற்று மேடத்துக்கு ஃபோன் செய்தேன். ஓய்வு பெற்றுப் பேரன்களோடு இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். "டைபாய்டு வந்தவ கன்னம் உப்பி வருவாளாம்மா? எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "நோட்டு டிபார்ட்மெண்டுலதான் இருக்கு. போய்த் திருத்திடு."

இன்று காலை போனேன். அதே அட்டெண்டர், தலை நரைத்திருக்கிறது. "மறுக்காவும் குப்பையத் தேட வந்தீங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே அலமாரியைத் திறந்தார். அந்தத் தலைப்பை ஒரே கோட்டால் அடித்தேன், கீழே இருப்பது படிக்கும்படி. பக்கத்தில், "தலைப்பு பிறகு எழுதப்பட்டது. தட்டுகள் மறதியால் மைக்ராஸ்கோப் அறையில் பதினோரு நாள் விடப்பட்டவை. மகளுக்கு அம்மை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். துறைத் தலைவர் படித்துப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நோட்டு அலமாரிக்குள் போயிற்று. நான் பத்தரை மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா